பார்த்ததை மட்டும் எழுதணும்

காராட்டுவயல்
15 ஜூன் 1987

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் வத்ஸலா வாசித்தறிய, அச்சன் கணாரன் வாயால் சொல்லி, உன் மகன் ரஜீஷ் கையால் எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காவில் சாமிக்கு விளக்கு வைக்கும்போது தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

(அடைப்புக்குள் வருவதெல்லாம் நான், ரஜீஷ். அச்சாச்சனுக்குத் தெரியாது.)

மழை நேரத்துக்கு வந்துவிட்டது. உப்புத்தண்ணீர் ஏறுகிற வயலில் மண் கூட்டி விதை போட்டாயிற்று. இவனுடைய பள்ளிக்கூடத்தில் பவித்ரன் மாஷ் என்று புதிதாக ஒருவர். சனிக்கிழமையானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம், கண்டல் காடு, பாறை என்று நடக்கிறார். ஆளுக்கு ஒரு நோட்டு. கண்டதை நின்ற இடத்திலேயே எழுதிப் படமும் போட வேண்டும். “பார்த்ததை மட்டும் எழுதணும், தெரிஞ்சதை எழுதக்கூடாது” என்பது அவர் போட்ட சட்டம். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். “கணாரேட்டனுக்கு நோட்டு வேணாம், எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கு” என்றார். (தலைக்கு வெளியே ஒன்றும் இல்லை, முடிகூட.)

பறவைச் சத்தம் கேட்டால் முதலில் கை தூக்குகிறவன் இவன்தான். மற்றவர்கள் பிறகுதான் தேடிப் பார்க்கிறார்கள். மாஷுக்கு இவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது ஓடை மேல் போட்ட தென்னந்தடிப் பாலத்தில் பிள்ளைகள் ஓடிப் போனார்கள். இவன் மட்டும் பாலத்துக்குப் பக்கத்தில் காலை வைத்துவிட்டான். இடுப்பளவுத் தண்ணீர்தான். நோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான். (வழுக்கல்.) வழுக்கல் என்று எழுதிவிட்டதாகச் சொல்கிறான். சரி, வழுக்கல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அச்சன்


மஸ்கட்
12 ஜூலை 1987

அன்பும் மரியாதையும் உள்ள அச்சனுக்கு வத்ஸலா எழுதுவது. எனக்கு ஒரு குறைவும் இல்லை. அச்சனுடைய மூச்சிரைப்பு இந்த மழையில் எப்படி இருக்கிறது? ரஜீஷ், நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டு. விழுங்காதே.

மாஷ் நல்ல மனிதராகத் தெரிகிறார். ரஜீஷ் நோட்டு எழுதுவது எனக்குச் சந்தோஷம். பாலத்தில் விழுந்தது என்ன நேரம், அச்சா? பொழுது இறங்கிவிட்டதா, வெளிச்சம் இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

சாயங்காலம் ஆனால் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும்படி மாஷிடம் சொல்லுங்கள். வீட்டில் நடக்கிற வழியில் பெஞ்சு, தண்ணீர்க் கிண்டி ஒன்றும் வேண்டாம். முற்றத்துப் பல்பு எரிந்தபடியே இருக்கட்டும். இங்கே வேலை பார்க்கும் நம்மூர் ஹமீதின் தம்பி வருகிறான், மீன் எண்ணெய்க் குளிகை ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். தினம் ஒன்று ரஜீஷுக்கு. முருங்கைக்கீரையும் பப்பாளியும் நிறையக் கொடுங்கள். வளர்கிற பிள்ளைக்கு நல்லது.

இப்படிக்கு,
அச்சனின் வத்ஸலா


காராட்டுவயல்
23 ஆகஸ்ட் 1987

அன்பு மகள் அறிய அச்சன் எழுதுவிப்பது. மூச்சிரைப்பு மழையோடு வரும், மழையோடு போகும். மற்றபடி சுகம். நீ சுகமென்று கடிதத்தில் கண்டோம்.

குளிகை வந்தது. (ஏப்பம் விட்டால் மத்தி மீன் மணக்கிறது. வகுப்பில் ஷாகிரா என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள்.) பாறை முழுக்க நீலப் பூ விரித்துக் கிடக்கிறது. மாஷ் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முழம் இடம் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்தார். அதற்குள் இருக்கிறதை எல்லாம் பார்த்து எழுத வேண்டும். ரஜீஷ் மூக்கு மண்ணில் படக் கவிழ்ந்து படுத்து, பூச்சி பிடித்துத் தின்கிற அந்தச் சின்னச் சிவப்புச் செடியை வரைந்தான். அதில் மாட்டிய கொசுவின் காலைக்கூட விடவில்லை. மாஷ் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

எழுந்து திரும்பினவன், பக்கத்தில் நின்ற எருமைமேல் நேராகப் போய் முட்டினான். “டேய், கொசுக்கால் தெரியுது, எருமை தெரியலியாடா உனக்கு?” என்று ஷாகிரா கத்தினாள். ஒரே சிரிப்பு. இவன் எருமைக்குக் கைகூப்பி, “மன்னிக்கணும், உங்களை என் முழத்துல சேர்க்கலை” என்றான். மாஷும் சிரித்தார். (இது நான் சொன்னதில் நல்ல ஜோக்.)

~~உன் அம்மாவின் தம்பி கோரனும் சின்ன வயதில் இப்படித்தான்~~

(அச்சாச்சன் கோரன் என்று ஒருவரைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு வேண்டாம், அடி என்றார். அடித்துவிட்டேன்.)

ஓணத்துக்கு நீ இல்லாதது ஒரு குறை. வேறொன்றும் இல்லை.

அச்சன்


மஸ்கட்
4 அக்டோபர் 1987

அன்புள்ள அச்சனுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், டியூட்டிக்குக் கூப்பிடுவார்கள்.

அடித்த வரி மேலோட்டமாகத்தான் அடிபட்டிருந்தது. படித்தேன், அச்சா.

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரு எகிப்து டாக்டர் இருக்கிறார். வேறொரு வேலையாகப் போனபோது பேசிக்கொண்டிருந்தேன். மிகவும் பொறுமையான மனிதர். அதை விடுங்கள்.

ரஜீஷைப் பய்யன்னூருக்குக் கூட்டிப் போய் ஒரு முறை கண் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் கண்ணாடி போடுகிறார்கள். ரஜீஷ், கண்ணாடி போட்டால் நீ மாஷ் மாதிரி இருப்பாய்.

அம்மா இருந்திருந்தால் கேட்பேன். சில விஷயங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். அச்சனுக்கும் தெரியும். ஆனால் எப்படிக் கேட்பது?

வத்ஸலா


காராட்டுவயல்
29 நவம்பர் 1987

அன்பு மகளுக்கு அச்சன். சுகம். உன் சுகத்துக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன்.

கண்ணாடி வாங்கியாயிற்று. நம்பர் கொஞ்சம்தானாம். போட்டால் நன்றாக இருக்கிறான். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று ரஜீஷ் சொல்கிறான். அந்த டாக்டர் பலகையில் எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். பகல் பன்னிரண்டு மணி. கடைசி வரிவரைக்கும் ஒரு பிசகில்லாமல் வாசித்தான்.

அறுப்பு முடிந்து வயலில் இறாலுக்கு உப்புத்தண்ணீர் ஏற்றிவிட்டோம். வடக்கேயிருந்து உள்ளான் பறவைக் கூட்டம் இறங்கிவிட்டது. போன சனிக்கிழமை மாஷ் பிள்ளைகளைப் பொழுது சாய்ந்ததும் பாறைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டு வானத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவரவர் துண்டில் என்ன நட்சத்திரம் இருக்கிறதென்று அவரவர் எழுத வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தார். ரஜீஷ் என் பக்கத்தில் படுத்திருந்தான். இவனுடைய துண்டில் நிறைய இருந்தது. மாஷ் இவன் எழுதினதைத்தான் உரக்க வாசித்தார்.

இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அச்சன்


மஸ்கட்
20 டிசம்பர் 1987

அன்புள்ள அச்சனுக்கும் ரஜீஷுக்கும்,

நட்சத்திரக் கடிதம் கிடைத்தது. அதில் ரஜீஷின் அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை. ஏன் மோனே, பேனாவுக்கு அலுத்துவிட்டதா?

ஹமீத் லீவில் வருகிறான். டேப் ரிக்கார்டர் ஒன்றும் வெற்றுக் கேஸட் நான்கும் கொடுத்தனுப்புகிறேன். ரஜீஷ் பறவைச் சத்தம் பிடிக்கட்டும். அச்சா, நீங்களும் அதில் பேசி அனுப்பலாம். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் போதும். யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. நான் தனியாக இருக்கும்போது போட்டுக் கேட்பேன். யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, அச்சா.

வத்ஸலா


கேஸட்
ஜனவரி 1988, ஒரு வியாழக்கிழமை, பையன் பள்ளிக்கூடம் போன பிறகு பேசியது

ஓடுதா இது? சுத்துது. சரி.

மோளே, அச்சன்தான். கடுதாசி மாதிரி இதை ஒட்டவெல்லாம் வேணாமாம். பேசினா உள்ளே போயிடும், அங்க நீ திறந்தாதான் வெளிய வரும்னு ஹமீத் சொன்னான். நல்ல சாமான்.

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை மாசமா அந்தப் பையன் கையாலேயே அவனைப் பத்திச் சொல்ல முடியாம முழுங்கிட்டிருந்தேன். வேற யார்கிட்டப் போவேன்? இந்த ஊர்ல யாரை வச்சு எழுதினாலும் சாயங்காலம் சாயாக்கடைக்கு வந்துடும். கோரனைக் குருட்டுக்கோரன்னு கூப்பிட்ட ஊரு இது. அவன் செத்த அன்னைக்குக்கூட அப்படித்தான் சொன்னாங்க. மாஷ்கிட்டச் சொல்லலாம், தங்கமான மனுஷன். ஆனா தெரிஞ்சா பயந்து, இவனை வீட்டுல இருந்துக்கோன்னு சொல்லிடுவார். சனிக்கிழமை வரணும்னுதான் அந்தப் பையன் மத்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் போறான்.

பகல்ல ஒரு குறையும் இல்ல. எறும்பை எறும்பாவே வரைவான். ஆனா நேரா எதைப் பாக்குறானோ அது மட்டும்தான் தெரியுது. ஓரம் தெரியல. பொழுது சாஞ்சா அதுவும் இல்ல. அந்த நட்சத்திரம் பார்த்த அன்னைக்கு, என் காதுக்கிட்ட வந்து, “அச்சாச்சா, என் துண்டுல என்ன இருக்கு?”ன்னு கேட்டான். நான் சொன்னேன். கார்த்திகைக் கூட்டம் இருக்கு, கீழே ஒண்ணு செவப்பா இருக்கு, ஒண்ணு விட்டுவிட்டு மினுக்குதுன்னு சொன்னேன். அவன் இருட்டுல கோணல்மாணலா எழுதினான். மாஷ் அதைத்தான் எடுத்து வாசிச்சார். எல்லாரும் கைதட்டினாங்க. பையன் தட்டல.

உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போனப்போ கோரனுக்கு மீசை முளைக்கல. எனக்கு வெத்திலைத் தட்டு நீட்டினான். நான் வலது பக்கம் உட்கார்ந்திருக்கேன், தட்டு நேரா தூணுக்குப் போச்சு. கல்யாணத்தன்னைக்கு அந்தி நேரத்துல பந்தக்கால்ல முட்டிக்கிட்டு, “யாருடா இவன் நடுவழியில?”ன்னு பந்தக்காலையே திட்டினான். அவ்வளவு நல்லாப் பாடுவான். தலை நரைக்கறதுக்கு முன்னாடியே சுவத்தைத் தடவ ஆரம்பிச்சிட்டான். மங்கலாபுரம் வரைக்கும் போனோம். வைத்தியனுக்கு வைத்தியன், மந்திரவாதிக்கு மந்திரவாதி. ஒண்ணும் நடக்கல.

அவங்க அம்மா வழியில ஆம்பிளைப் பிள்ளைக்கு வருமாம். நீ பொண்ணாப் பொறந்தப்போ உங்கம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டான்னு உனக்குத் தெரியாது. ரஜீஷ் பொறந்தப்போ தொட்டில்கிட்ட விளக்கைக் கொண்டுபோய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆட்டிப் பார்த்தா. பிள்ளை கண்ணு விளக்கோடயே போச்சு. சிரிச்சா. பாவி, சிரிச்சிட்டே போய்ச் சேந்துட்டா.

மருந்து இருக்கான்னு அந்த டாக்டரைக் கேளு. இப்ப காலம் மாறியிருக்கும், ஏதாவது கண்டுபிடிச்சிருப்பாங்க. ஊசின்னா ஊசி. வேற ஒரு ஆள் கண்ணை எடுத்து வைக்கிறதா இருந்தா நான் இருக்கேன், எனக்கு இனிமே என்ன பாக்கணும்…

இரு. இரு மோளே. ஒண்ணுமில்ல. இதை எப்படி நிறுத்துறது?


காராட்டுவயல்
24 ஜனவரி 1988

அன்புள்ள அம்மாவுக்கு ரஜீஷ் எழுதுவது. நான் சுகம். இது நானே எழுதுகிறேன். அச்சாச்சன் வயலுக்குப் போயிருக்கிறார்.

இந்தக் கேஸட் பதிவாகியிருக்கிறதா என்று அனுப்பும் முன் போட்டுப் பார்த்தேன். போன தடவை மரங்கொத்தி பதிவாகவே இல்லை, அதனால்தான். கேட்க வேண்டும் என்று போடவில்லை. ஆனால் முழுக்கக் கேட்டேன். திரும்ப முதலுக்கே சுற்றி வைத்துவிட்டேன். பேசினதை இங்கேயே போட்டுக் கேட்கலாம் என்று அச்சாச்சனுக்குத் தெரியாது. நீ சொல்லிவிடாதே.

எல்லாருக்கும் இருட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அம்மா. ஷாகிரா விளக்கில்லாமல் கிணற்றடிக்குப் போவாள். அவளுக்குத் தைரியம் அதிகம், நான்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிகிறது போலிருக்கிறது.

நட்சத்திரம் எழுதின தாளைக் கிழித்துவிட்டேன். நான் பார்த்தது இல்லையே.

கோரன் என்பவருக்குக் கடைசியில் பகலிலும் தெரியாமல் போய்விட்டதா? அச்சாச்சனிடம் கேட்க முடியாது. நீ சொல்லு. சுற்றி வளைக்காமல் சொல்லு. அச்சாச்சன் அழுவது கேஸட்டின் கடைசியில் இருக்கிறது. நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உன் மகன்
ரஜீஷ்


மஸ்கட்
21 பிப்ரவரி 1988

ரஜீஷ், முதல் தாளை அச்சாச்சனுக்கு வாசி. இரண்டாவது தாள் உனக்கு.

அன்புள்ள அச்சனுக்கு, உங்கள் குரலைக் கேட்டேன். இருமல் குறைந்திருக்கிறது என்று தோன்றியது. நீங்கள் கேட்ட மருந்தைப் பற்றி டாக்டரிடம் விசாரித்தேன். ஒரு முறையல்ல, பல முறை. அந்த மருந்து இங்கே கிடைக்கவில்லை, அச்சா. வேறு எங்கேயும் கிடைக்காது என்கிறார். நீங்கள் சொன்ன அந்த மாற்றுவழியும் இந்த வியாதிக்கு உதவாதாம். அப்படிச் சொன்னதற்கு உங்கள்மேல் எனக்குக் கோபம். லீவு கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டேன் என்கிறார்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். செப்டம்பருக்கு முன் நடக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வத்ஸலா

—

மோனே, மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் பொய் எழுதியிருந்தேன்.

ஆமாம். கோரம்மாமனுக்குக் கடைசியில் பகலிலும் தெரியவில்லை. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவர் என் முகத்தைத் தடவித்தான் பார்ப்பார். உனக்கு எப்படி ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். மெதுவாகத்தான் வரும், எல்லாருக்கும் ஒரே வேகம் இல்லை என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். இத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். யார் யார் பிள்ளைக்கோ மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

வேறென்ன எழுத? பக்கத்தில் இருந்தால் கையையாவது பிடித்துக்கொள்வேன். இருட்டும் முன் வீட்டுக்கு வந்துவிடு. அச்சாச்சனிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

அம்மா


காராட்டுவயல்
24 ஏப்ரல் 1988

அன்பு மகள் வாசித்தறிய அச்சன் சொல்வது. விஷு கழிந்தது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

நான் கேட்ட மருந்து கிடைக்கவில்லை என்று ரஜீஷ் வாசித்துக் காட்டினான். கிடைக்காவிட்டால் போகட்டும். “என்ன மருந்து அச்சாச்சா?” என்று கேட்டான். முழங்கால் வலிக்குக் கேட்டிருந்தேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து ராத்திரி படுக்கும்போது என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. (எந்தக் கால் என்று கேட்டபோது இடது என்றார். சில நாள் மறந்து வலது காலை நொண்டுகிறார்.)

பள்ளிக்கூடம் லீவு. மாஷ் ஊருக்குப் போய்விட்டார். ஆனாலும் இவன் என்னைச் சும்மா விடுவதில்லை. விடிந்தால் நோட்டோடு நிற்கிறான். நேற்று ஆற்றுமுகம், முந்தாநாள் காவு, இன்றைக்குப் பாறை. “மெதுவாப் போடா, காக்கா நாளைக்கும் கறுப்பாத்தான் இருக்கும்” என்றேன். “நாளைக்கு மழை வந்துடும் அச்சாச்சா” என்றான். மழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும்.

இப்போது பறவையும் பூவும் மட்டுமில்லை. பாறைமேல் என்னை வெயிலில் உட்கார வைத்து என் மூஞ்சியை வரைந்தான். “மாஷ் நோட்டுல கிழவனுக்கு என்னடா வேலை?” என்றேன். “பேசாதே, வாய் கோணுது” என்றான். கிட்ட வந்து வந்து பார்த்தான். கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சத்தை நான் மறந்தே போயிருந்தேன். அதையும் வைத்திருக்கிறான். மறுநாள் ஷாகிராவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவள் சிரித்துக்கொண்டே இருந்ததால் நாலு தாள் வீணாகிவிட்டது. எதையும் கிழிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறான்.

உன் போட்டோவைப் பார்த்து வரையேன் என்றேன். அது பழசு, வேண்டாம், ஆளை நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்கிறான். செப்டம்பர்தான் என்றாலும் செப்டம்பரில் வந்து சேர். மங்கலாபுரத்திலிருந்து ராத்திரி வண்டியில் கூட்டம் குறைவு என்று ஹமீத் சொன்னான். அதைத்தான் உனக்கு எழுதச் சொன்னேன். இவன் பேனாவை நிறுத்திவிட்டு, வேறு மாதிரி எழுதட்டுமா என்று என்னைக் கேட்டான். எழுது என்றேன்.

அம்மா, பகல் வண்டியில் வா.

வேறு விசேஷம் இல்லை. அன்புடன்,

அச்சன்